சூடானால் எழும்பாத மைனர்

காலையில் எங்கள் மொறிஸ் மைனர் வண்டியின் சோக்கை இழுத்து ஸ்ராட்டரைச் சுற்றினால் இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பற்றிக்கொள்ளும். இணுவிலிலிருந்து காங்கேசன்துறை வரையான ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீற்றரையும் எந்தத் திக்கலுமின்றி ஓடும். அங்கே நிறுத்திவிட்டு ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் திறப்பைத் திருகினாலும் பிரச்சினையில்லை. ஆனால் கடற்கரையோரம் நின்று ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கால் மணிநேரம் கழித்து வந்தால், ஸ்ராட்டர் மட்டும் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமாது. முக்கால் மணிநேரம் வெயிலில் நின்று தவித்த பின்பு, இடையில் எதுவுமே நடவாததுபோல அதே எஞ்சின் முதல் முயற்சியிலேயே இயங்கும்.

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப்பைத் திருத்தி எடுக்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு கழிந்த பின்பு, வர்ணம் பூசி, பிரேக் முழுவதையும் புதுப்பித்து, இனி ஓடவேண்டியதுதான் என்று நம்பியிருந்த வேளையில் இந்தத் தொல்லை வந்து சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்த வழியையும், இடையில் நான் செய்த தவறுகளையும், இதேபோன்ற பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதிவைக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைனரின் பிக்கப் வடிவம் 1953இல் வெளிவந்தது. எங்களுடையது 1098 சிசி எஞ்சின் பூட்டிய பிற்கால வண்டி. பெரியப்பா அதில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோவார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் நின்றுபோனபோது, மற்றெல்லா மைனர்களையும் ஏ-40 கார்களையும் போலவே இதுவும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது குடும்பத்தையும் அயலையும் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி வரை போனதும் மண்ணெண்ணெயில்தான். பின்னர் சில காலம் பெற்றோலில் ஓடியது. அதன் பின்பு நெடுங்காலம் மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் கிடந்தது. இந்த வரலாறு இந்தக் கதைக்குத் தேவையற்றது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

சூடான எஞ்சின் இயங்க மறுத்தால் எல்லோரும் முதலில் பெற்றோலைத்தான் குறைசொல்வார்கள். நான் அதற்கு நேர்மாறாக, இது பொறிக்கான மின்சாரத்தைக் கொடுக்கும் கொயிலின் வேலை என்று முடிவுகட்டினேன். பழைய கொயில்கள் சூடேறியதும் உள்ளே விட்டுப்போவதும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்வதும் உண்மைதான். அதே மின்சுற்றிலுள்ள கொண்டன்சரும் அப்படியே. ஆகவே எதையும் சோதிக்காமல் இரண்டையும் வாங்கிப் பூட்டினேன். எந்த மாற்றமும் இல்லை. சோதனையோ மிக எளிது: வண்டி அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே கொயிலிலிருந்து, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவுக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து, ஒருவரைச் ஸ்ராட்டரைச் சுற்றச் சொன்னால் போதும். பெற்றோல் மணம் பரவி நிற்கும் இடத்தில் அதைச் செய்யக்கூடாது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பணத்தைச் செலவழித்த பிறகு அதைச் செய்துபார்த்தேன். பழைய கொயிலிலும் புதிய கொயிலிலும் நீலப் பொறி ஒரேமாதிரிப் பாய்ந்தது. ஆக மின்சாரப் பக்கம் சுத்தம்.

இனிப் பெற்றோல் பக்கம். இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைவிட, இப்போதுதான் நிறுத்திய எஞ்சினின் மேற்பகுதியே அதிகமாகச் சூடாகிறது. ஓடும்போது விசிறி காற்றை இழுக்கிறது, தண்ணீர் சுற்றிவருகிறது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் குளிர்ந்த பெற்றோல் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. நிறுத்தியதும் இவை மூன்றும் ஒரே கணத்தில் நின்றுவிட, வெடிபுகை செல்லும் வார்ப்பிரும்பு மனிபோல்ட் தன்னிடமுள்ள சூடு முழுவதையும் மேலே அனுப்புகிறது. மைனரில் காபரேற்றர் இருப்பதோ அந்த மனிபோல்டுக்கு நேர் மேலே. பெற்றோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவமும் அல்ல. அதிலுள்ள இலேசான கூறுகள் முப்பத்தைந்து, நாற்பது பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கடைசிக் கூறு போக இருநூறு பாகை அளவு வேண்டும். எனவே அறுபது பாகைக்குப் போன ஒரு மிதவைக் கிண்ணத்தினுள், அதாவது காபரேற்றரில் பெற்றோல் தேங்கி நிற்கும் சிறு கிண்ணத்தினுள், நடப்பதைப் பார்க்கமுடிந்தால், அடுப்பில் வைத்த பால்சட்டி நினைவுக்கு வரும்.

இந்தச் சூடு இரண்டு நேரெதிரான வழிகளில் எஞ்சினைத் தடுக்கலாம் என்பதுதான் சிக்கல். குழாயிலும் பம்பிலும் ஆவி அடைத்துக்கொண்டு பெற்றோல் வராமற்போவது ஒன்று. காபரேற்றரிலிருந்து பெற்றோல் பொங்கி வழிந்து எஞ்சின் நனைந்து மூச்சுத்திணறுவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: சுற்றுகிறது, பற்றவில்லை. ஆனால் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து மற்றதற்கு நஞ்சு.

இவற்றைப் பிரித்தறிய எனக்கு உதவியது, ஆசனத்தின் கீழே துருப்பிடித்த கருவிகளோடு கிடந்த ஒரு சிறிய பிளாஸ்ரிக் போத்தல். அதன் மூடியில் துளையிட்டு, சேலைன் ஏற்றும் குழாயின் ஒரு சாண் துண்டு செருகப்பட்டிருந்தது. பெரியம்மா கண்டவுடனேயே அடையாளம் சொன்னார். மண்ணெண்ணெய்க் காலத்தில், குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது என்பதால், எங்கிருந்தோ தேடிப்பிடித்த பெற்றோலை இந்தப் போத்தலில் வைத்து, காபரேற்றரின் வாயில் சில துளி பீச்சி இயக்குவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் தானாக ஆவியாகி ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். தங்கத்தை நிறுப்பதுபோல அந்தப் பெற்றோலைப் பெரியப்பா அளந்து பாவித்தார் என்று பெரியம்மா சொன்னார். அந்தக் குழாய் இப்போது மஞ்சளாகி விறைத்துப்போயிருந்தது, புதியதைச் செருகிக்கொண்டேன்.

என் சோதனை இதுதான். சூடான எஞ்சின் மறுக்கும்போது, காற்று வடிகட்டியைக் கழற்றிப் போத்தலால் இரண்டு மூன்று துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுச் சுற்றுவது. உடனே பற்றி, மூன்று நொடி ஓடி, அடங்கினால் அது பட்டினி. சிறிதும் அசையாவிட்டால், அல்லது முன்னரைவிட மோசமானால், அது ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்: பட்டினியில் முனை காய்ந்திருக்கும், நனைந்ததில் பளபளப்பாக ஈரம் நிற்கும், மூக்கில் ஏறும். இதைச் செய்யும்போது பக்கத்தில் தீயணைப்பானோ ஈரச்சாக்கோ மணல் வாளியோ இல்லாமல் யாரும் செய்யவேண்டாம். சூடான மனிபோல்டின் மேல் பெற்றோலோடு விளையாடுகிறோம். முகத்தைக் காபரேற்றர் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு ஒருபோதும் சுற்றச் சொல்லக்கூடாது.

முதல் வாரத்தின் முடிவுகள் என்னைக் குழப்பிவிட்டன. ஒருநாள் பட்டினி, மறுநாள் வெள்ளம், அதற்கடுத்த நாள் மறுபடியும் பட்டினி. ஒரே வண்டிக்கு எப்படி இரண்டு நோய்? போத்தலைக் குறைசொன்னேன், என் மூக்கைக் குறைசொன்னேன், பெற்றோல் தாங்கியைக்கூட இறக்கிக் கழுவினேன். தாங்கியிலிருந்து இரண்டு கைப்பிடி துரு வந்தது என்பதைத் தவிர வேறு பயனில்லை.

பிறகுதான் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் புத்தி வந்தது. ஒவ்வொரு மாலையும் ஒரே தூரம் ஓடி, முற்றத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரு நாளைக்கு ஒரு நேரம் மட்டும் சோதிப்பது என்று வைத்துக்கொண்டேன்: ஒருநாள் ஐந்து நிமிடம், மறுநாள் எட்டு, பிறகு பன்னிரண்டு, இருபது, இருபத்தைந்து, நாற்பது. தொட்டுப் பார்க்காமலே வெப்பம் காட்டும் கைக்கருவி ஒன்றால் மிதவைக் கிண்ணத்தின் மூடியையும் அளந்தேன். ஓடும்போது 44 பாகை. நிறுத்தி ஐந்து நிமிடத்தில் 55. பன்னிரண்டாம் நிமிடத்தில் 66. இருபதாம் நிமிடத்தில் 68. முக்கால் மணியில் 51க்கு இறங்கியது. முடிவு கொப்பியில் தெளிவாக நின்றது. எட்டாவது நிமிடத்தில் எப்போதும் ஈரம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் எப்போதும் வரட்சி. அது ஒரே வரிசையில் வரும் இரண்டு கட்டங்கள். முதலில் பொங்கி வழிகிறது, பிறகு கிண்ணம் கொதித்துக் காலியாகிறது, காலியான கிண்ணத்தை நிரப்பப் பம்பால் முடியவில்லை.

பம்பே இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. பெற்றோலை அனுப்பும், எஸ்.யு. என்ற தயாரிப்பான மைனரின் மின்பம்ப் எஞ்சின் அறையின் பின்சுவரில் பூட்டப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு மின்காந்தம் இறப்பர்ச் சவ்வை இழுக்கும். இழுத்து முடிந்ததும் பொயின்ற் என்ற மின்தொடுப்பு திறந்து மின்சாரம் நிற்கும். சுருள்வில் சவ்வைத் தள்ளிப் பெற்றோலை அனுப்பும். பிறகு மறுபடியும் இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ‘டக்’. ஆரோக்கியமான வண்டியில் திறப்பைத் திருகியதும் சில தடவை டக், டக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் அடங்கிவிடும். எங்கள் வண்டியில் எட்டாவது நிமிடத்தில் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. கிண்ணம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் திருகினாலோ, தையல் மெசின் ஓடுவதுபோலப் படபடவென்று நிற்காமல் அடித்தது. பல்லி இடைவெளிவிட்டுச் சொல்லும், பம்பும் அப்படித்தான் சொல்லவேண்டும். மூச்சுவிடாமல் அடித்தால் அது திரவத்தைத் தள்ளவில்லை, ஆவியை இழுக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஈரத்துணியைப் பம்பின் மேல் போர்த்தேன். இரண்டு நிமிடத்தில் அடி மெதுவானது, பிறகு அடங்கியது, எஞ்சின் இயங்கியது.

பம்ப் ஏன் இவ்வளவு எளிதாக ஆவியிடம் தோற்கிறது என்றால், அது பெற்றோலைப் பின்னாலுள்ள தாங்கியிலிருந்து முன்னுக்கு உறிஞ்சவேண்டியிருக்கிறது. உறிஞ்சும் குழாயினுள் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. வெளியில் ஐம்பது பாகையில் கொதிக்காமல் நிற்கும் பெற்றோல், உறிஞ்சும் குழாயினுள் அதற்கு முன்பே குமிழிவிடும். இதனால்தான் பலர் மின்பம்பைத் தாங்கியின் அருகே கொண்டுபோகச் சொல்கிறார்கள். உறிஞ்சுவதைவிடத் தள்ளுவது நல்லது. கருத்து சரியானதே. ஆனால் அதற்காகக் கிடைத்த பம்பையெல்லாம் வாங்கிப் பூட்டக்கூடாது. எஸ்.யு. பம்பின் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐதான். பிற்கால வண்டிகளின் பம்புகள் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தள்ளும், கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை மறிக்கும் மிதவையின் ஊசிவால்வால் அதைத் தடுத்துநிறுத்த முடியாது. இன்னொன்று, மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் காலத்து இலத்திரனியல் பம்பை வழக்கம்போல மாட்டினால் முதல் நொடியிலேயே எரிந்துபோகும். நான் ஒன்றை மாட்டப் போனேன். வயரைத் தொடுவதற்கு முன்பு பக்கத்திலிருந்த மச்சான் கையைப் பிடித்துவிட்டான்.

நான் பழைய பம்பையே வைத்துக்கொண்டேன். பொயின்றைத் தேய்த்துச் சுத்தமாக்கிச் சவ்வை மாற்றிய பின்பு, காபரேற்றர்ப் பக்கக் குழாயைக் கழற்றி ஒரு போத்தலில் விட்டு அளந்தேன். நிமிடத்துக்கு அரை லீற்றர் வந்தது. இந்த வகைப் பம்புக்கு அது போதும். உறிஞ்சும் குழாய் ஓரிடத்தில் வெடிபுகைக் குழாயிலிருந்து இரண்டு விரல் இடைவெளியில் போயிருந்தது. அதை விலக்கிக் கட்டினேன். இருபத்தைந்தாவது நிமிட வரட்சி பெருமளவு குறைந்தது. எட்டாவது நிமிட வெள்ளம் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் கோண்டாவிலில் முன்பு கராஜ் வைத்திருந்த ஐயா ஒருவரைக் கூட்டிவந்தேன். எண்பதை நெருங்கியவர், கண் பார்வை குறைந்துவிட்டது. போனற்றைத் திறந்ததும் அவர் எதையும் பார்க்கவில்லை. காபரேற்றருக்குக் கீழே கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். மனிபோல்டும் வெடிபுகைக் குழாயும் சேரும் இடத்தில், சூடு காக்க யாரோ போட்ட பழைய சுற்று என்று நான் நினைத்து வர்ணம்கூட அடித்துவைத்திருந்த தடித்த கயிற்றுக் கட்டினை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“தம்பி, உது பெற்றோலுக்குச் செய்த வேலையில்லை,” என்றார். “உந்த வண்டியை எண்ணெய்க்கு மாத்தினது நானோ தெரியாது. ஆனால் அப்ப கேட்ட ஆக்களுக்கு நாங்கள் உப்பிடித்தான் செய்து குடுத்தனாங்கள். சூடு காணாது எண்டுதான் அப்ப எங்களுக்குக் கவலை.”

அடுத்த நாள் எஞ்சின் நன்றாக ஆறிய பின்பு, அஸ்பெஸ்ரஸ் என்ற பயத்தில் முகமூடி கட்டி, தண்ணீரால் நன்றாக நனைத்து அந்தக் கயிற்றைப் பிரித்தேன். உள்ளே செப்புக்குழாய். பம்பிலிருந்து காபரேற்றருக்குப் போகும் குழாய் நேராகப் போகாமல் கீழே இறங்கி, வெடிபுகைக் குழாயைச் சுற்றி இரண்டரைச் சுற்று வளைந்து, மறுபடி மேலேறிக் கிண்ணத்துக்குப் போயிருந்தது. வளைவுகளில் ஓரிடத்திலும் நசுக்கம் இல்லை. மணல் நிரப்பி வளைத்திருக்கவேண்டும். மண்ணெண்ணெய் நூற்றைம்பது பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே அதைக் காபரேற்றருக்கு வருமுன்பே சுடவைத்துக்கொடுத்தால் நன்றாக எரியும், புகை குறையும், பிளக் கரிபிடிக்காது. அந்த நோக்கத்துக்கு அது குறைசொல்ல முடியாத வேலை. அதே குழாயில் பெற்றோலை விட்டால் என்னவாகும் என்பதைத்தான் நான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினை நிறுத்தியதும் சுருளினுள் நிற்கும் பெற்றோல் கொதிக்கிறது. பம்பின் வால்வுகள் ஒருவழிப் பாதை, எனவே பின்னால் போகமுடியாது. முன்னால் ஊசிவால்வு மூடியிருக்கிறது. அமுக்கம் கூடக்கூட ஊசியைத் தள்ளித் திறந்துகொண்டு கிண்ணத்துக்குள் பாய்கிறது. கிண்ணம் நிரம்பி, பெற்றோல் பாயும் சிறு துளையான ஜெற்றின் வழியாக எஞ்சினுக்குள் வழிகிறது. எட்டாவது நிமிட வெள்ளம் அங்கிருந்துதான் வந்தது.

ஒன்று கிடைத்ததும் மற்றவை தாமாகவே வரிசையில் வந்தன. காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் இடையில் சூடு கடவாத தடித்த கட்டை ஒன்று இருக்கவேண்டும். இங்கே வெறும் காகித காஸ்கட் மட்டுமே இருந்தது. தொலைந்துபோயிருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். இல்லை, சூடு மேலே ஏறட்டும் என்று வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். காபரேற்றரின் கீழே ஜெற்றை ஏற்றி இறக்கும் அறுகோண நட்டு, மேல் எல்லையிலிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே இருப்பதுதான் எங்களுடையது போன்ற எஸ்.யு. காபரேற்றருக்கு ஆரம்ப நிலை. எங்களுடையது நான்கு சுற்றுக்கு மேல் இறங்கியிருந்தது, அதாவது கலவையில் எரிபொருள் அளவுக்கு மிஞ்சியிருந்தது. பொறி நேரத்தையும் பின்தள்ளி வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் எளிதில் தானாக வெடித்துத் தட்டும், ஆகவே அது அவசியம். ஆனால் பொறி பிந்தினால் எரிதல் பிந்தும், வெடிபுகை இன்னும் சூடாக வெளியேறும், மனிபோல்ட் இன்னும் கொதிக்கும். கொம்பிரசனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று நெரிபடும் அமுக்கத்தை, அளந்தபோது நான்கு சிலிண்டரிலும் ஒரேயளவாகக் குறைவாக இருந்ததற்கும் இப்போது காரணம் புரிந்தது: எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் கீழே இரண்டு காஸ்கட். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே இரண்டு செப்பு விளிம்பு தெரிகிறது. ஒன்றரை ஆண்டாக நான் அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன்.

திருத்தும் வேலை கண்டுபிடிப்பதைவிடக் குறுகியது. சுருளை வெட்டி எடுத்துவிட்டு, புதிய குழாயைப் பம்பிலிருந்து பின்சுவரின் மேல்விளிம்போடு கொண்டுபோய், மனிபோல்டைக் கடக்காமல் காபரேற்றருக்கு இறக்கினேன். சூடுதடுக்கும் கட்டையை, பழைய மின்பலகை ஒன்றின் பேக்கலைற் துண்டில் லேத் கடையில் பத்து மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுவித்தேன். காபரேற்றர் அந்தளவு வெளியே தள்ளுவதால் நீளமான போல்ட் வேண்டும். அக்சிலேற்றர்க் கம்பி முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறதா என்றும் பார்க்கவேண்டும். கட்டையின் இரண்டு பக்கமும் காஸ்கட் போடாமல் விட்டால் காற்றுக் கசிந்து இன்னொரு தலையிடி தொடங்கும். காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்றையும் மறைப்பாக வைத்தேன். அதற்காக வெட்டியது வீட்டுச் சோற்றுப்பானை மூடி. அம்மா இரண்டு நாள் தேடினார், மூன்றாம் நாள் போனற்றைத் திறந்து காட்டவேண்டியதாயிற்று.

மிதவையின் ஊசிவால்வைப் புதிதாக்கினேன். பொறி நேரத்தைப் பெற்றோலுக்குரிய குறிக்குக் கொண்டுவந்தேன். ஜெற் நட்டை இரண்டு சுற்றில் வைத்து, எஞ்சின் சூடேறிய பின்பு அறுகோணத்தின் ஒவ்வொரு பக்கமாகத் திருகிச் சரிபார்த்தேன். எஸ்.யு.வில் இதற்குக் கருவி வேண்டியதில்லை. காபரேற்றரின் பக்கத்திலுள்ள சிறிய ஊசியால் உள்ளேயுள்ள பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திவிட்டுக் காதைக் கொடுக்கவேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் எரிபொருள் அதிகம். அடங்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் சற்றே எழுந்து பழைய வேகத்துக்குத் திரும்பினால் சரி. ஒரு பக்கத் திருகலில் வரும் வேறுபாட்டைக்கூடக் கேட்கமுடிந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

அதே தூரம், அதே முற்றம், அதே கொப்பி. ஓடும்போது கிண்ண மூடியில் 41 பாகை. நிறுத்திய பின்பு ஏறிய உச்சம் 52. எட்டாவது நிமிடத்தில் இயங்கியது; பன்னிரண்டில் இயங்கியது; இருபத்தைந்தில் பம்ப் நாலைந்து தடவை அடித்து அடங்க, அதன் பின்பு இயங்கியது. இந்தக் கடைசி விடயம் பழக்கமாகிவிட்டது: திறப்பைத் திருகியதும் உடனே சுற்றுவதில்லை, பம்ப் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். எப்போதாவது நனைந்த மணம் வந்தால் அக்சிலேற்றரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சுற்றினால் போதும். சிலர் பதற்றத்தில் அதைத் திரும்பத் திரும்ப மிதிப்பார்கள். வேறு பல காபரேற்றர்களில் ஒவ்வொரு மிதிக்கும் பெற்றோல் பீச்சும் சிறு பம்ப் உண்டு, எஸ்.யு.வில் அது இல்லை, ஆகவே மிதித்துப் பயனில்லை, காற்றுக்கு வழி திறந்துவிடுவதே வேலை.

முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சோளகம் வீசும் மாதங்களிலும் வாடைக்காலத்திலும் ஒரு குறையுமில்லை. சித்திரை நடுப்பகலில், காற்று அசையாத நாட்களில், யாழ்ப்பாண நகரத்துக்குள் ஊர்ந்து போய் நிறுத்தினால், இருபது நிமிடம் கழித்து இரண்டாவது முயற்சி தேவைப்படுகிறது. அப்படியான நாட்களில் நிழல் தேடி நிறுத்தி, போனற்றை ஒரு சாண் திறந்துவிட்டுப் போகிறேன். சந்தையில் ஒருவர் வண்டி பழுதோ என்று கேட்டார். காற்று வாங்குகிறது என்றேன்.

ஐயாவைப் போன கிழமை காங்கேசன்துறைக்கு ஏற்றிச்சென்றேன். நிறுத்திய பின்பு அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிநேரம் எண்ணினார். இயங்கியதும் ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் மருதனார்மடம் தாண்டும்போது, அந்தச் செப்புச் சுருளை எறிந்துவிட்டாயா என்று மட்டும் கேட்டார். இல்லை, போத்தலோடு சேர்த்து ஆசனத்தின் கீழே இருக்கிறது.

அடுத்து ஹெட்டை இறக்கி அந்த இரட்டைக் காஸ்கட்டில் ஒன்றை எடுக்கவேண்டும். புதிய காஸ்கட் கொழும்பிலிருந்து வரவேண்டியிருக்கிறது. வந்ததும் வேலை தொடங்கும்.